பழுப்புப் பசுவின் கணக்கு

கோள்களின் பெயரால் கிழமை சொல்லாத குவேக்கர்கள் அவர்கள்.
ஆகவே ஈபர் யார்னல் இப்படித்தான் எழுதுகிறான்:

நான்காம் மாதம், எட்டாம் நாள். ஓட்ஸ் விதைத்தது, ஓடையோர வயல்.
ஒன்பது. ரூத் ஸ்டாப்ளருக்கு வெண்ணெய் ஆறு பவுண்டு.
அவளிடமிருந்து கம்பளி நூற்றல், இரண்டு நாள்.
பன்னிரண்டு. கூட்டம். இரண்டரை மணி நேரம்
ஒருவரும் பேசவில்லை.
நன்றாக இருந்தது.

ஐந்தாம் மாதம் ஊர் ஆண்கள் துப்பாக்கியோடு அணிவகுத்த நாளில்
ஈபர் வெங்காயப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தான்.
வராததற்கு அபராதம் நான்கு டாலர்.
கட்டமாட்டான்.
கட்டினால் அந்தக் காசு
இன்னொருவன் தோளில் துப்பாக்கியாக ஏறும்.

கான்ஸ்டபிள் வந்தார். பூட்ஸைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்.
ஈபர் அவரை 'நீ' என்றான்;
ஒஹாயோவின் ஆளுநரே வந்திருந்தாலும் 'நீ'தான்.
கடிகாரத்தைப் பார்த்தார், கலப்பையைப் பார்த்தார்,
பழுப்புப் பசுவை அவிழ்த்துக்கொண்டு போனார்.
வேலிக் கதவின் கொக்கி இறுகிக் கிடந்தது.
ஒரு கையில் கயிறோடு அவர் திணற,
ஈபர் போய்த் திறந்துவிட்டான்.

பசு ஒன்று. கொண்டுபோகப்பட்டது. மதிப்பு பதினாறு டாலர்.

மாதக் கூட்டத்தில்
துன்பங்களைப் பதியும் ஏட்டைத் திறந்துவைத்து
அபைஜா சாட்டர்த்வைட் மெதுவாகக் கேட்டார்:
கதவைத் திறந்தது, கொடுத்ததாகாதா?
அங்கே வாக்கெடுப்பு கிடையாது.
எல்லோர் மனமும் ஒரே இடத்தில் போய் உட்காரும்வரை
காத்திருப்பார்கள்.
அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அதற்குள் ஏலத்தில் ஏழு டாலருக்கு
பசுவை எடுத்துவிட்டான் லுட்விக் ஷாஃப்,
சாலைக்கு அந்தப்பக்கத்து லுத்தரன்.
விடியுமுன் ஈபரின் வேலியில் கட்டிவிட்டுப் போனான்.
ஈபர் திருப்பிக் கொண்டுபோய்க் கட்டினான்:
நீ கட்டிய ஏழு டாலர் நான் கட்டிய அபராதமாகிவிடும், லுட்விக்.
மறுநாள் பசு மறுபடி இந்த வேலியில்.
அதற்கடுத்த நாள் அந்த வேலியில்.
ஒரு வாரத்தில் அதற்கே வழி பழகிவிட்டது,
கயிறு தேவைப்படவில்லை.

ஈபரின் மனைவி பெயர் டேசி.
லத்தீனில் அதற்குப் 'பேசாதிரு' என்று பொருளாம்.
வைத்தவர்களுக்கு அவளைத் தெரியாது.
அடுத்த கூட்டத்தில்
ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் பலகைத் தடுப்பின்
இந்தப்பக்கமிருந்து எழுந்து சொன்னாள்:
நண்பர்களே, மடி கனத்த மாட்டுக்கு
மாதக் கூட்டம்வரை பொறுக்கத் தெரியாது.

சொல்லிவிட்டுக் கறக்கத் தொடங்கினாள்.
வேலி எந்தப்பக்கமானாலும்.
பாலை லுட்விக் வீட்டுப் படியில் வைத்துவிட்டு வருவாள்.
வாளி வெறுமையாகத் திரும்பியதில்லை.
ஒருநாள் வினிகரில் ஊறிய முட்டைக்கோஸ்,
ஒருநாள் ஆணிகள்,
ஒருநாள் லுட்விக்கின் கடைக்குட்டி பிடித்துப்போட்ட தவளை.

ஈபரின் பேரேட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு.
தவளையை எங்கே எழுதுவது?
அந்தப் பக்கத்தில் பேனா தொட்டு நின்ற புள்ளிகள் மட்டும்.

எட்டாம் மாதம் பால் வற்றியது.
வாளி நிற்கவில்லை, பீன்ஸோடு போய்வந்தது.

பத்தாம் மாதம், முதல் உறைபனி.
இரண்டு வேலிக்கும் நடுவே
வண்டித்தடத்தில் படுத்துக் கன்று ஈன்றது பசு.
விளக்கோடு இவன் வந்தான், வைக்கோலோடு அவன் வந்தான்.
லுட்விக் தொப்பியைக் கழற்றினான்.
ஈபர் கழற்றவில்லை, மனிதர் யாருக்கும் அவர்கள் கழற்றுவதில்லை.
கோட்டைக் கழற்றினான்.
கூட்டத்துக்குப் போட்டுப்போகும் சாம்பல்நிறக் கோட்டு.
நடுங்கும் ஈரத்தின் மேல் போர்த்தினான்.
பசு கோட்டையும் சேர்த்து நக்கியது.

அன்றைய தேதியில் எழுத்து ஈபருடையதல்ல,
சாய்ந்த, அவசரமான பென்சில்:

கிடாரி. சாலையில்.
கோட்டு ஒன்று, கறை. ஊறவைத்திருக்கிறது.